பாலத்தருகே நூற்றிரண்டு

முனிர்கா, புது தில்லி
20 ஜூன் 2025

அண்ணா,

இல்லை, பலூன் இல்லை. கயிறும் கிடையாது. உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். ஆளில்லா விமானம். மொத்த எடை ஒரு ஸ்கூட்டர் அளவு. சிறகு மட்டும் நம் சந்து முனையிலிருந்து பால் பூத் வரை நீளும். சூரிய ஒளியில் பறக்கும். பயணிகள் விமானம் போவதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில், இருபது கிலோமீட்டரில், ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வயிற்றில் ஒரு பெட்டி. செல்ஃபோன் கோபுரம் செய்யும் வேலையை அது செய்யும். கோபுரம் நட முடியாத இடங்களுக்கு மேலிருந்து சிக்னல். “எங்கள் தலைக்கு மேல் என்ன தொங்கவிடப் போகிறீர்கள்” என்று நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மா பிரஷர் மாத்திரையை மறப்பதில்லை. நான் கேட்க மறப்பதில்லை என்பதால்.

ஓர் உதவி. சோதனை நடக்கும் இமயமலைப் பள்ளத்தாக்குகளில் உன் லும்சரும் ஒன்று. அளவெடுக்கப் போன கம்பெனி ஆட்கள் இருவரும் மூன்றாம் நாளே மூச்சு முட்டித் திரும்பிவிட்டார்கள். எங்கள் குழுத் தலைவர் நரேன் சார் என் மேசைக்கு வந்தார். “உன் அண்ணன் அங்கதானே இருக்கார்? வெதர் ஸ்டேஷன்ல டெய்லி தெர்மாமீட்டர் பாக்கற ஆளுக்கு ஒரு ஃபோனைப் பாக்கறது கஷ்டமா? அச்சா ஐடியா இல்ல?”

பார்சலில் இருப்பது சோதனை ஃபோன். அதில் பேச முடியாது, எண் மட்டும் காட்டும். சிறிய எண் நல்லது. நூற்றுப் பதினைந்தைத் தாண்டினால் பேச்சு அறுந்துபோகும். ஜூலை முதல் தேதியிலிருந்து தினமும் மாலை நான்கு இடங்களில் அளந்து எழுது: உன் ஜன்னல், பஞ்சாயத்து வீடு, பாலம், சுகாதார மையம்.

தமிழிலேயே எழுது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கு ஒரு பயனாவது இருக்கட்டும். இங்கே உன் தாளை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

வெயில் நாற்பத்து நான்கு. உன் குளிரில் கொஞ்சம் அனுப்பு.

சிந்து

—

லும்சர்
10 ஜூலை 2025

சிந்து,

நான் நலம். மூச்சு சீராக இருக்கிறது, பசி அளவுக்கு மீறி இருக்கிறது. அம்மாவிடம் பின்பாதியைச் சொல்.

முதல் ஒன்பது நாள்களின் அட்டவணை இத்துடன். என் ஜன்னலில் தொண்ணூற்றாறு. மலையின் மேல் இருக்கிறேன், தெற்கு திறந்திருக்கிறது. பஞ்சாயத்து வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு. பாலத்தில் நூற்றுப் பதினெட்டு. சுகாதார மையத்தில் நூற்றுப் பத்தொன்பது, சில நாள் வெறும் கோடு. அந்த இரண்டு இடங்களுக்கும் தெற்கே மலை நிற்கிறது. உன் விமானம் மலைக்குப் பின்னால் சுற்றுகிறது என்று நினைக்கிறேன். எல்லைக்கு அருகே வர அதற்கு அனுமதி இருக்காது.

கீழே போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். என்னோடு வேலை பார்க்கும் பச்சைமுத்து விடுப்பில் போனவர் திரும்பவில்லை, மாற்று ஆளும் வரவில்லை. நிலையத்தில் நான் மட்டும். நடப்பது நல்லதுதான். கால் துருப்பிடிக்காது.

ஊரின் ஒரே ஃபோன் பஞ்சாயத்து வீட்டிலிருக்கும் சாட்டிலைட் ஃபோன். சாவி யாங்சென் என்ற பெண்ணிடம். காலை ஏழிலிருந்து எட்டு வரைதான் அதற்கு உயிர். மற்ற நேரம் பேட்டரி வெயிலில் காயும். மாதத்தின் முதல் ஞாயிறு நான் அம்மாவிடம் பேசுவது அதில்தான். என் அளவெடுப்பைப் பார்த்து யாங்சென் கேட்டாள்: “உன் தங்கை வானத்தில் வைத்த ஃபோன் பேசுமா, அல்லது உன்னைப்போல எண்ணை மட்டும் சொல்லுமா?” அவளுக்கு ஜனவரியில் பிரசவம். அப்போது கணவாய் மூடியிருக்கும். ஏதாவது ஆனால் ஹெலிகாப்டரைக் கூப்பிட அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அதன் எண்ணை அட்டவணைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். அவசரத்துக்கு மட்டும்.

வெயிலில் அலையாதே.

ஸ்ரீதர்

—

முனிர்கா
21 ஜூலை 2025

அண்ணா,

நலமா? இங்கே மழை வந்துவிட்டது. சந்தில் முழங்கால் தண்ணீர், அம்மா இரண்டு நாளாகக் கீழே இறங்கவில்லை. வேறு குறையில்லை.

உன் அட்டவணையைப் பார்த்து நரேன் சார் முகம் சுளித்தார். அவர் தில்லியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சுளித்தார். நான் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் சுளித்தார்.

நல்ல செய்தி. 14-ம் தேதி விமானத்தின் ஆன்டெனாவைச் சாய்த்திருக்கிறார்கள். கணக்குப்படி இனி பஞ்சாயத்து வீட்டில் தொண்ணூற்றொன்பது, பாலத்தருகே நூற்றிரண்டு, மையத்தில் நூற்று மூன்று வர வேண்டும். வந்தால் வரைபடத்தில் லும்சர் பச்சையாகும். சிக்னல் உள்ள இடம் பச்சை, இல்லாத இடம் சாம்பல். நான்கு பள்ளத்தாக்குகளில் மூன்று ஏற்கெனவே சாம்பல். உன்னுடையது ஒன்றுதான் மீதி.

அப்படியானால் செப்டம்பரில் என் ஒப்பந்தம் நிரந்தரமாகும். உன் மேல் பாரம் ஏற்றவில்லை. செய்தியாகச் சொல்கிறேன்.

ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டு அறைக்குள் சிக்னல் இல்லை. பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிந்து

—

லும்சர்
4 ஆகஸ்ட் 2025

சிந்து,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

அட்டவணை இத்துடன். நீ சொன்னபடி 14-ம் தேதியிலிருந்து மாற்றம் தெரிகிறது. பாலத்தில் நூற்றிரண்டு, நூற்று மூன்று, நூற்றிரண்டு.

நேற்று முதல் ஞாயிறு. ஃபோனில் வர முடியவில்லை. மேகம், பேட்டரி ஏறவில்லை. அம்மாவிடம் சொல்.

பேனா தீர்ந்துவிட்டது. பென்சிலை மன்னித்துக்கொள்.

ஸ்ரீதர்

—

முனிர்கா
16 ஆகஸ்ட் 2025

அண்ணா,

கடிதம் மிகச் சிறியது. நலம்தானே? பேனா மூன்று இத்துடன் அனுப்புகிறேன்.

நூற்றிரண்டு. அந்த எண்ணை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியவில்லை. கணக்கில் வந்த எண் காகிதத்தில் வருவது எங்கள் தொழிலில் அபூர்வம். இடைக்கால வரைபடத்தில் உன் பள்ளத்தாக்கை நானே பச்சையாக்கினேன். விரலால் தொட்டுப் பார்த்தேன். திரை சூடாக இருந்தது.

அம்மா உன் கவரை வாங்கி வெகுநேரம் விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னம்மா?” என்றேன். “ஒண்ணுமில்ல. கையெழுத்து சாயுது” என்றாள். அப்பா போன பிறகு அவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த மலையை விட்டு இறங்கி வா. இப்போது அதைக்கூடக் கேட்பதில்லை.

அடுத்த முதல் ஞாயிறு செப்டம்பர் 7. மறக்காதே.

ஆகஸ்ட் முடியும்வரை அளந்து அனுப்பு. அதோடு முடிந்தது.

சிந்து

—

லும்சர்
1 செப்டம்பர் 2025

சிந்து,

எல்லாம் வழக்கம்போல. பேனா வந்தது. இருந்தாலும் பென்சில் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 31 வரையிலான அட்டவணை இத்துடன். ஒரு நாளும் விடவில்லை.

மேலே முதல் பனி. இரண்டு சென்டிமீட்டர்.

7-ம் தேதி முயற்சி செய்கிறேன். அம்மா காத்திருக்க வேண்டாம்.

உன் வேலை நிலைத்தால் எனக்கு அது போதும்.

ஸ்ரீதர்

—

முனிர்கா
12 செப்டம்பர் 2025

அண்ணா,

நலமறிய ஆவல் என்று பள்ளியில் எழுதச் சொல்லிக் கொடுத்தார்களே, இன்று அதை உண்மையாகவே எழுதுகிறேன்.

ஏழாம் தேதி ஃபோன் வரவில்லை. அம்மா எட்டரை வரை மொட்டை மாடியில் ஃபோனோடு நின்றாள்.

ஒரு சின்ன வேலை. ஆகஸ்ட் 11 முதல் 16 வரையிலான ஆறு நாள்களை விட்டுவிட்டு, முழு அட்டவணையையும் ஒரே தாளில் புதிதாக எழுதி அனுப்பு. கையெழுத்து போடு. அந்த ஆறு நாள்களில் இங்கே ஏதோ குழப்பம். உன்னால் இல்லை.

தொலைத்தொடர்புத் துறைக்கு அறிக்கையை 15-ம் தேதி கொடுத்தாக வேண்டும். உன் தாள் பின்னால் வந்தாலும் இணைத்துக்கொள்ளலாம் என்கிறார் நரேன் சார்.

அந்த வாரம் அங்கே வானிலை எப்படி? சும்மா கேட்கிறேன்.

சிந்து

—

லும்சர்
1 அக்டோபர் 2025

சிந்து,

நலம். நீ கேட்ட தாள் இத்துடன். ஆறு நாள்களையும் எடுத்துவிட்டேன். காரணம் கேட்கவில்லை.

வேறொன்று. நேற்று லாரியில் மாவட்டத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. யாங்சென்னின் கணவன் மேலே எடுத்துவந்து என்னிடம் காட்டினான். லும்சருக்கு இப்போது மொபைல் சேவை கிடைப்பதாக வரைபடம் காட்டுகிறதாம். மொபைல் சேவை உள்ள ஊருக்கு விதிப்படி சாட்டிலைட் ஃபோன் கிடையாதாம். அதைக் கழற்றி, அக்டோபர் 30 கடைசி லாரியில் திருப்பி அனுப்ப வேண்டும். அதன் பிறகு கணவாய் மூடிவிடும். திறக்க மே மாதம் ஆகும்.

அவன் கேட்டான்: “அண்ணே, மொபைல் சேவை எங்கே இருக்கு? காட்டு, நானும் பேசிப் பாக்கறேன்.”

அது உன் வரைபடமா?

என் அட்டவணையைத் தவிர வேறு யாரும் இங்கே அளக்கவில்லையா? வேறு ஊரில், வேறு வகையில் சரிபார்த்திருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன்.

உடனே பதில் போடு.

ஸ்ரீதர்

—

முனிர்கா
9 அக்டோபர் 2025

அண்ணா,

உன் நலத்தை இந்தக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன்.

ஆம். என் வரைபடம். லும்சருக்கு உன் அட்டவணையைத் தவிர வேறு எதுவும் இல்லை. தமிழில் எழுதிய நான்கு தாள்கள், மூன்று பென்சிலில். அவற்றை ஆங்கிலத்தில் ஏற்றியவள் நான். சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பதும் என் கையெழுத்து.

இப்போது மீதியைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 11 முதல் 16 வரை அந்த விமானம் பறக்கவில்லை. பேட்டரிக் கோளாறு, தரையில் இறக்கிவைத்திருந்தார்கள். எங்களுக்கே சொல்லவில்லை. செப்டம்பர் 11 அன்று பறப்புப் பதிவேட்டை உன் அட்டவணையோடு பொருத்தும்போது கண்டேன். அந்த ஆறு நாள் உன் தலைக்கு மேலே எதுவும் இல்லை. பாலத்தருகே நூற்றிரண்டு என்று எழுதியிருந்தாய்.

நரேன் சாரிடம் காட்டினேன். “அரே, ஆறு நாள்தானே சிந்து. அந்த ரோவை டிலீட் பண்ணிடு. ஜல்தி. மண்டே குடுக்கணும்.”

நீக்கினேன். உன்னையும் நீக்கச் சொன்னேன். 15-ம் தேதி கையெழுத்திட்டேன்.

ஆறு நாள் பொய்யென்றால் மீதி நாள்கள் என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இது முழு உண்மையில்லை. கேட்டேன். பஸ்ஸில், ஓக்லா போகும் வழி முழுக்க. அலுவலகம் வந்ததும் நிறுத்தினேன்.

ஒரு டிகிரி தப்பினால் மறுபடி பனியில் இறங்கிப்போய்த் தெர்மாமீட்டரைப் பார்க்கிறவன் நீ. எனக்காகச் செய்தாயா? வேலை நிரந்தரமாகும் என்று எழுதினேனே, அதற்கா? அப்படியானால் அந்த வரியை எழுதிய கை என்னுடையது.

சாட்டிலைட் ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை மாடிக்குப் போனேன். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று இறங்கி வந்துவிட்டேன்.

இன்னும் இருபத்தொரு நாள். உண்மையான எண்கள் வேண்டும். இல்லாவிட்டால், இல்லை என்றாவது எழுது.

நீ நலமா?

சிந்து

—

லும்சர்
20 அக்டோபர் 2025

சிந்து,

நலமில்லை. ஜூலையிலிருந்தே இல்லை.

ஜூலை 12 மாலை, பாலத்தில் அளந்துவிட்டு ஏறும்போது சரிவிலிருந்து கல் வந்தது. இடது கால், முழங்காலுக்குக் கீழே. யாங்சென்னின் கணவன் முதுகில் தூக்கி மேலே கொண்டுவந்தான். சுகாதார மையத்து ஆள் பலகை வைத்துக் கட்டினான். ஹெலிகாப்டரைக் கூப்பிடுகிறேன் என்று யாங்சென் சாவியை எடுத்தாள். வேண்டாம் என்றேன். ஹெலிகாப்டர் வந்தால் வீட்டுக்குத் தந்தி போல ஒரு தகவல் போகும். அம்மா அதைப் படிப்பாள். நிலையத்திலும் வேறு ஆளில்லை, பதிவு நின்றுபோகும். எலும்பு கூடிவிடும் என்று நினைத்தேன். கூடியது, கோணலாக.

என் கருவிகள் வாசலிலிருந்து பத்தடி. ஊர்ந்துபோய்ப் பார்த்தேன். அந்தப் பதிவேட்டில் ஒரு எண்ணைக்கூட நான் கற்பனை செய்யவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

உன் ஃபோனைக் கட்டிலருகே ஜன்னலில் வைத்தேன். ஜன்னல் எண்கள் உண்மை. மற்ற மூன்று இடங்களுக்கு என்னால் போக முடியவில்லை. கோடு போட்டுவிடத்தான் நினைத்தேன். கோடு போட்டால் ஏன் என்று கேட்பாய். அப்போது உன் ஜூலைக் கடிதம் வந்தது. என்ன வர வேண்டும் என்று நீயே எழுதியிருந்தாய். அதை வைத்துக்கொண்டு எழுதினேன். நூற்றிரண்டு, நூற்று மூன்று, நூற்றிரண்டு. மாற்றி மாற்றி எழுதினால் இயல்பாகத் தெரியும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நான் அதுவரை செய்ததில்லை.

ஆகஸ்ட் 11-லிருந்து காய்ச்சல். கால் சீழ் பிடித்திருந்தது. ஒரு வாரம் ஃபோனைத் தொடவே இல்லை. பிறகு முந்தைய வாரத்தைப் பார்த்து நிரப்பினேன், ஜன்னலையும் சேர்த்து.

பேனா தீரவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பேனா எழுதாது.

ஆக, உன் வேலைக்காக இல்லை. காலை மறைக்க. அந்த வரிக்காக உன் கையைக் குறை சொல்லாதே.

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. நேற்றுக் காலை யாங்சென்னின் கணவனிடம் கோவேறு கழுதை கேட்டேன். ஏற்றிவிட்டான். இறங்கும்போது மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னேன். “இந்தக் காலோடு ஃபோனைப் பாக்க ஊர்வலமா?” என்று ஊரே சிரித்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணி நேரம். விமானம் மேலே இருந்தது; ஜன்னலில் தொண்ணூற்றைந்து காட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பஞ்சாயத்து வீடு: நூற்றுப் பதினேழு.
பாலம்: இல்லை.
சுகாதார மையம்: இல்லை.

யாங்சென் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறாள். இந்தத் தாளைப் பேனாவால் எழுதினேன். உட்கார்ந்து.

நீ இதைக் கொடுத்தால் என்னையும் விசாரிப்பார்கள். கொடு. ஜூலையில் என்னை ஒரு முதுகு தூக்கியது. ஜனவரியில் அவளைத் தூக்க முதுகு போதாது.

லாரி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். மணாலியில் விரைவுத் தபாலில் போடுவார்.

அம்மாவிடம் நீ சொல்லாதே. நான் சொல்கிறேன்.

ஸ்ரீதர்

—

முனிர்கா
27 அக்டோபர் 2025

அண்ணா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இது உனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. எழுதிக்கொண்டே போகிறேன்.

வெள்ளிக்கிழமை, 24. அறிக்கையில் லும்சர் பகுதியையும் என் கையெழுத்தையும் திரும்பப் பெறுவதாக எழுதி, உன் தாளை இணைத்து, நரேன் சார் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பாகலா, பைத்தியமா நீ? ஒரு கிராமம். நாப்பது வீடு. அடுத்த ஸம்மர்ல சரி பண்ணிக்கலாம்.”

“முப்பதாம் தேதி ஃபோனை எடுத்துடுவாங்க சார்.”

“அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல.”

“வரைபடம் நம்மது.”

“உன் அண்ணன் பேரும் வரும். யோசிச்சியா?”

“பேனாவுல எழுதி அனுப்பியிருக்கார் சார்.”

அவருக்குப் புரியவில்லை. காகிதத்தை இழுப்பறையில் வைத்து மூடினார். மேலே அனுப்பவில்லை.

இன்று திங்கள். விடுப்பு சொல்லிவிட்டு, இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு அறிக்கை போய்ச் சேர்ந்த தொலைத்தொடர்புத் துறை அலுவலகத்துக்கே போனேன். மூன்று மாடி, ஐந்து அறை. ஒவ்வோர் அறையிலும், “கம்பெனி கடிதத்தோடு வாருங்கள்.” கடைசி அறையில் ஒரு பெண் அதிகாரி உன் தாளைப் பார்த்தார். தமிழ் தெரியாதவர். கீழே யாங்சென் ஹிந்தியில் எழுதியிருந்ததை மட்டும் படித்தார். அதில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா? அளவெடுத்ததைப் பார்த்தேன் என்று எழுதிவிட்டு, அடியில்: எனக்கு ஜனவரியில் குழந்தை. அவ்வளவுதான்.

அவர் முத்திரை குத்தி ஒப்புகை கொடுத்தார். மாவட்டத்துக்கு இன்றே மின்னஞ்சல் போகும் என்றார். போனதா என்று தெரியாது. மாவட்டத்திலிருந்து உன் ஊருக்கு அது எப்படிப் போகும் என்றும் தெரியாது. காகிதத்தைக் கொண்டுவர வேண்டியதும் அதே லாரிதான்.

29. உன் பேச்சை மீறிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்டி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“படுத்துக்கிட்டு எழுதுறான்னு தெரியும். உங்கப்பா ஆஸ்பத்திரில கடைசி ரெண்டு மாசம் எழுதுனதெல்லாம் பென்சில்தான். கால்னு தெரியாது. அதவிடப் பெருசா நெனச்சிருந்தேன்.”

“ஏம்மா சொல்லல?”

“அவன் மறைக்கணும்னு நெனச்சான். கேட்டா, அங்கேயிருந்து இன்னொரு பொய் எழுதணும். பாவம், காலும் போயி அதுக்கு வேற கஷ்டப்படணுமா?”

பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

30. கடைசி லாரி. இன்று தகவல் எதுவும் இல்லை. அலுவலக வாசலில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. காவலாளி, “மேடம், மேலே கேட்டுச் சொல்றேன்” என்று உள்ளே போனார். திரும்பி வந்து அட்டையை வாங்கிக்கொண்டார்.

31. தகவல் இல்லை. வானம் பழுப்பாக இருக்கிறது. தீபாவளிப் புகை இன்னும் இறங்கவில்லை. இதற்கு மேலே எங்கோ அந்த ஸ்கூட்டர் எடை விமானம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அது பறந்தது, இறங்கியது. பறந்த நாளைப் பறந்தது என்றும் இறங்கிய நாளை இறங்கியது என்றும் பதிவேட்டில் வைத்திருந்தது.

நவம்பர் 1. காலை ஏழு மணி. மாடிக்குப் போய் அந்த எண்ணை அழைத்தேன்.

அழைப்பு போகாது, இணைப்பில் இல்லை என்று ஒரு குரல் சொல்லும் என்று எதிர்பார்த்தேன். மணி அடித்தது. ஐந்து முறை. எடுத்தது ஒரு பெண். யாங்சென்னா என்று ஹிந்தியில் கேட்டேன். ஆமாம், நீ அந்த எண்காரரின் தங்கைதானே என்றாள். காற்றும் அவளோடு சேர்ந்து பேசியது.

“ஃபோன் இருக்கா?” என்றேன்.

“இல்லாமலா பேசறேன்?” என்றாள். “லாரிக்காரன் காகிதத்தோட வந்தான், ஃபோனைக் கழட்டுன்னு. அதே பையில இன்னொரு காகிதம். மறுபடி அளக்கறவரைக்கும் முதல் காகிதத்தை நிறுத்தி வைன்னு. ரெண்டையும் என் புருஷன் படிச்சுக் காட்டினான். லாரிக்காரன் தலையைச் சொறிஞ்சான். கணவாய்க்கு மேல வந்தாச்சு, வெறும் வண்டியா எப்படித் திரும்பறதுன்னான். உன் அண்ணனைத் தூக்கி முன் சீட்டுல வெச்சு மணாலி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். வர மாட்டேன்னாரு, தெர்மாமீட்டரை யார் பாக்கறதுன்னு. நான் பாக்கறேன்னேன். எண்ணை மட்டும் எழுதணும், யோசிச்சு எழுதக் கூடாதுன்னு பத்துத் தடவை சொல்லிட்டுப் போனாரு.”

கணவாய் நேற்று மாலையே மூடிவிட்டதாம். நீ அதைத் தாண்டிவிட்டாய்.

“பேட்டரி” என்றாள். வைத்துவிட்டாள்.

இந்தக் கடிதத்துக்கு இனி விலாசம் இல்லை. நாளை நீ மணாலி மருத்துவமனையில் இருப்பாய். மடித்துப் பையில் வைத்தேன். அம்மா ஒரு சால்வையும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தாள். காஷ்மீரி கேட் பஸ் நிலையம் போய், மாலை ஐந்தரை மணி மணாலி பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு டிக்கெட் எடுத்தேன்.